லினக்ஸ் கணினியைப் புதுப்பித்து வைத்திருப்பது: டர்பன் தமிழ்ப் பள்ளியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயிலை ஒட்டிய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததிலிருந்து, "விண்டோஸ் 11 இதில் ஏறாதாம், பள்ளிக்காவது ஆகட்டும்" என்று சொல்லிப் பழைய மடிக்கணினிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அவற்றைத் துடைத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளான மின்ட் அல்லது உபுண்டு நிறுவி, பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் தாத்தா பாட்டிகளுக்குக் கொஞ்சமுமாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. கொடுத்த மறுவாரமே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பாதி வாட்ஸ்அப்பில் வரும். மீதி, நான் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது வரும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைத்தேன்.

தமிழில் எதற்கு என்று கேட்கிறார்கள். நம் வீடுகளில் பேச்சு ஆங்கிலமாகி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் பள்ளியில் பாடம் சொல்லும் ஆசிரியர்களும், தமிழ்நாட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்தவர்களும் தமிழில்தான் கேட்கிறார்கள். கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வதுபோல ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'கோடு' என்று சொன்னால் '-' குறி.

லினக்ஸில் வைரஸ் வராது என்றுதானே சொன்னீர்கள்? பிறகு எதற்கு வாராவாரம் புதுப்பிப்பு?

அப்படி நான் சொல்லவில்லை. என் மீது யாரோ ஏற்றிச் சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸைக் குறிவைத்து எழுதப்படும் தீநிரல்கள் லினக்ஸ் மேசைக்கணினியில் ஓடுவது அரிது, அவ்வளவுதான். ஓட்டைகள் எல்லா மென்பொருளிலும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் 'பிகேஎக்ஸெக்' என்ற சிறு நிரலில் ஒரு பிழை இருப்பதை குவாலிஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது 2009 மேயிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதைப் பயன்படுத்தி நிர்வாகி ஆகிவிடலாம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. நம் பள்ளிக் கணினிகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அறிவிப்பு வந்த அதே வேளையில் பேட்ச்சும் வந்துவிட்டது. அதைப் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதுப்பிப்பு, பேட்ச், அப்கிரேடு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். பேட்ச் என்பது கிழிசலுக்குப் போடும் ஒட்டு. சட்டை அதே சட்டை, நிறமும் அதே நிறம். ஓட்டை மட்டும் அடைபடுகிறது. பதிப்பு மாற்றம் என்பது புதுச் சட்டை: உபுண்டு 22.04 இலிருந்து 24.04க்குப் போவது, மின்ட் 21 இலிருந்து 22க்குப் போவது. அளவு பொருந்துமா, பொத்தான் இருக்குமா என்று பார்த்துத்தான் போட வேண்டும். ஒட்டைத் தள்ளிப்போடாதீர்கள், புதுச் சட்டைக்கு அவசரப்படாதீர்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். புதிய பதிப்பு வந்த அன்றே போட வேண்டும் என்று துடிப்பவர்கள், புதுப்பிப்பு வந்திருப்பதைச் சொல்லித் திரையின் மூலையில் தெரியும் கேடய அடையாளத்தை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

"சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுத்தேன், எதுவுமே மாறவில்லையே?

மாறாது. அந்தக் கட்டளை விலைப்பட்டியலைக் கொண்டுவருவதோடு சரி. சரக்கை வாங்கி வருவது "சூடோ ஆப்ட் அப்கிரேடு". முதலில் அது, பிறகு இது. புதிய சார்புத் தொகுப்புகளுக்காக (ஒரு மென்பொருள் ஓடத் தேவைப்படும் மற்ற மென்பொருள் பொதிகள்) பழையதை நீக்க வேண்டி வந்தால் சாதாரண அப்கிரேடு தயங்கி நிற்கும். "ஃபுல்-அப்கிரேடு" என்று சொன்னால் நீக்கியும் செய்யும். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டாதீர்கள். டெர்மினல் வேண்டாமென்றால் மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளரும் உபுண்டுவின் மென்பொருள் புதுப்பிப்பானும் இதே வேலையைச் செய்யும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது?

வாரம் ஒருமுறை போதும். உபுண்டுவில் 'அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ்' என்ற தொகுப்பு பாதுகாப்பு ஒட்டுகளைத் தினமும் தானாகவே போட்டுவிடும், அதை அணைக்காதீர்கள். மின்ட் வழக்கமாகத் தானாகப் போடாது, நினைவூட்டும். ஆனால் புதுப்பிப்பு மேலாளரின் விருப்பங்களில் தானியங்கிப் பகுதி இருக்கிறது. தாத்தா பாட்டிகளுக்குக் கொடுக்கும் கணினிகளில் நான் அதை இயக்கித்தான் கொடுக்கிறேன். இணைய உலாவிக்கு மட்டும் வாரம் என்பதுகூட நீளம். வங்கிக் கணக்கைத் திறக்கும் கதவு அது. ஃபயர்பாக்ஸ் புதுப்பிப்பு வந்திருப்பதைக் கண்டால் அன்றே போடுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும்?

தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023இல் மிகக் கடுமையாக இருந்தது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பல மாதம் நின்றது. 2025இல் சில நாட்கள் மீண்டும் தலைகாட்டியது. அது இல்லாத நாளிலும் யாராவது கேபிளை வெட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், அல்லது புயல்மழையில் கம்பம் சாய்ந்துவிடுகிறது.

தரவிறக்கத்தின்போது மின்சாரம் போனால் கவலையில்லை. பாதி வந்த கோப்பு வட்டில் இருக்கும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆபத்து அடுத்த கட்டத்தில், தொகுப்புகளைப் பிரித்து நிறுவும்போது இருக்கிறது. அப்போது போனால் சில தொகுப்புகள் பழையதாகவும் சில புதியதாகவும், சில பிரித்தும் அமைக்காமலும் நின்றுவிடும். 2023இல் எனக்கே நடந்தது. மின்வெட்டு அட்டவணை கைப்பேசியில் இருந்தது, நான் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் தாங்கும் என்று நம்பிய மடிக்கணினியின் பேட்டரி எட்டு நிமிடத்தில் படுத்துவிட்டது. மின்சாரம் வந்து இயக்கினால் கறுப்புத் திரை. மறுநாள் தேர்வு, வினாத்தாள் அதற்குள்.

மீட்டது இப்படி: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் தெரியும் திரை வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், "சூடோ டிபிகேஜி, இரட்டைக் கோடு கான்ஃபிகர், ஒற்றைக் கோடு ஏ" என்று தட்டினேன். எந்தத் தொகுப்பு எந்த நிலையில் நிற்கிறது என்ற கணக்கை, தொகுப்புகளை நிறுவும் கருவியான டிபிகேஜி ஒவ்வோர் அடியிலும் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆகவே பாதியில் நின்றவற்றை அது எடுத்து முடித்துவிட்டது. மிச்சமிருந்த சார்புச் சிக்கலை "சூடோ ஆப்ட், இரட்டைக் கோடு ஃபிக்ஸ்-புரோக்கன், இன்ஸ்டால்" தீர்த்தது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை இந்த இரண்டு கட்டளைகளே போதும். இதைத் தாளில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டி வையுங்கள். கணினிக்குள் சேமித்து வைத்துப் பயனில்லை என்பது எனக்கு அன்று புரிந்தது.

"லாக் கோப்பு பிடிபட்டிருக்கிறது" என்று செய்தி வந்தால், பின்னணியில் வேறொரு புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் பொறுங்கள். அந்தக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரை இணையமெங்கும் கிடைக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது அழித்தால் மின்வெட்டு இல்லாமலேயே மின்வெட்டின் பலன் கிட்டும்.

மேசைக்கணினிக்கு ஒரு சிறு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். மடிக்கணினியில் மின்இணைப்பு இல்லாதபோது தானியங்கிப் புதுப்பிப்பு தொடங்காதபடி உபுண்டு ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது.

டேட்டா தீர்ந்துவிடுகிறது. புதுப்பிப்புக்கு ஆகும் செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. இங்கே பல வீடுகளில் ஃபைபர் இல்லை. சிம் போட்ட ரவுட்டர், அல்லது கைப்பேசி ஹாட்ஸ்பாட். ப்ரீபெய்டு டேட்டாவின் விலையைக் கேட்டால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மயக்கமே வரும். புதுப்பிப்பிலோ சில தொகுப்புகள் பூதங்கள்: வன்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள்களைக் கொண்ட 'லினக்ஸ் ஃபர்ம்வேர்' என்ற ஒன்று மட்டுமே நூற்றுக்கணக்கான எம்பி. அதன் பக்கத்தில் இயங்குதளத்தின் மையமான கர்னல், லிப்ரே ஆஃபிஸ், உலாவி.

முதல் வேலை, கணினிக்கு உண்மையைச் சொல்வது. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் என்றால் 'இது அளவுள்ள (மீட்டர்டு) இணைப்பு' என்று லினக்ஸ் தானாகவே கண்டுகொள்ளும். தானியங்கிப் புதுப்பிப்பும் அடங்கியிருக்கும். சிம் ரவுட்டர் என்றால் அதற்குத் தெரியாது, சாதாரண வைஃபை என்றே எண்ணிக்கொள்ளும். வைஃபை அமைப்பில் அந்த இணைப்பின் விவரங்களைத் திறந்து, அளவுள்ள இணைப்பு என்ற தேர்வை நீங்களே இயக்க வேண்டும்.

இரண்டாவது, இறக்குவதையும் நிறுவுவதையும் பிரிப்பது. "சூடோ ஆப்ட் அப்கிரேடு" என்பதன் பின்னால் "இரட்டைக் கோடு டவுன்லோட்-ஒன்லி" என்று சேர்த்தால் இறக்கி மட்டும் வைக்கும். நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லும் மலிவான இரவு டேட்டா பலரிடம் பயன்படாமல் காலாவதியாகிறது. அதில் இறக்கிவிட்டு, காலையில் இணையமே இல்லாமல் அப்கிரேடு கொடுங்கள். ஏற்கெனவே வட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும்.

செலவு மிஞ்சும் மாதத்தில் எதைத் தள்ளலாம்? மின்ட் மேலாளரில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குத் தனி அடையாளம் உண்டு. அவற்றையும் உலாவியையும் கர்னலையும் மட்டும் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். லிப்ரே ஆஃபிஸில் சிறு திருத்தம் என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம்.

பள்ளியில் எட்டுக் கணினிகள். எட்டு முறை இறக்க வேண்டுமா?

நான் முதல் ஆண்டில் அப்படித்தான் முட்டாள்தனமாகச் செய்தேன். இப்போது ஒரு கணினியில் 'ஆப்ட் கேச்சர் என்ஜி' நிறுவியிருக்கிறேன். மற்ற ஏழும் இணையத்துக்குப் போகாமல் அதனிடம் கேட்கும், 3142 என்ற போர்ட் வழியாக. முதல் கணினி கேட்டபோது இறங்கிய கோப்பு வட்டில் தங்கிவிடும். மற்றவற்றுக்கு உள்ளூர் வைஃபையிலேயே போய்ச் சேரும். எட்டுப் பங்கு டேட்டா ஏறக்குறைய ஒரு பங்காகிவிட்டது. எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருந்தால்தான் இந்த லாபம். ஒன்றில் மின்ட், ஒன்றில் ஃபெடோரா, ஒன்றில் டெபியன் என்று நவதானியம்போல் வைத்திருந்தால் கிடைக்காது.

எந்த மிரரிலிருந்து இறக்குவது? அதை நடத்துபவர் கோப்பில் எதையாவது நுழைத்துவிட மாட்டாரா?

மிரர் என்பது தொகுப்புகளின் நகலை வைத்திருந்து வழங்கும் சர்வர். மென்பொருள் மூலங்கள் அமைப்பில் தென்னாப்பிரிக்காவிலேயே உள்ள மிரரைத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவரை கடலடிக் கேபிளில் போய் வரத் தேவையில்லை, வேகம் கண்ணுக்குத் தெரியும்.

நுழைக்க முடியுமா என்றால், முயலலாம், ஆனால் அகப்பட்டுக்கொள்வார். தொகுப்புப் பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் ஹேஷ் எண்ணும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்ணும், இருக்கிறது. அந்தப் பட்டியல் உபுண்டுவின் அல்லது டெபியனின் சாவியால் கையொப்பமிடப்பட்டது. ஓர் எழுத்து மாறினாலும் ஆப்ட் ஏற்க மறுத்துவிடும். அதனால்தான் கையொப்பம் சரியில்லை என்ற எச்சரிக்கை வரும்போது "சரி சரி" என்று தாண்டிப் போகக் கூடாது என்கிறேன்.

இதில் நம் ஊர்ப் பெருமை ஒன்றும் உண்டு. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் வெல்கம் என்ற சுரங்க நகரத்தில் 1973இல் பிறந்தவர். இணையத்தளங்களுக்கு மின்சான்றிதழ் வழங்கும் 'தாட்' நிறுவனத்தைக் கேப்டவுனில் மாணவராக இருந்தபோது தொடங்கினார். 1999இல் அது வெரிசைன் நிறுவனத்துக்கு 57.5 கோடி டாலருக்குக் கைமாறியது. 2002இல் விண்வெளிக்குப் போய்வந்தார். 2004 அக்டோபர் 20 அன்று உபுண்டு 4.10 வெளிவந்தது. சான்றிதழும் கையொப்பமும் விற்றுக் கிடைத்த பணத்தில் பிறந்த லினக்ஸ் அது. கையொப்ப எச்சரிக்கையை அலட்சியப்படுத்தும் மாணவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

புதுப்பித்த பிறகு கணினியை அணைத்துப் போட வேண்டுமா? லினக்ஸுக்குத் தேவையில்லை என்கிறார்களே?

கர்னல் புதுப்பிக்கப்பட்டால் வேண்டும். மறுபடி தொடங்கும்வரை பழைய கர்னலே ஓடிக்கொண்டிருக்கும். மற்றவற்றின் கதை கொஞ்சம் நுணுக்கம். ஒரு நிரல் ஓடும்போது, தனக்கு வேண்டிய நூலகக் கோப்பை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கிறது. வட்டில் புதிய கோப்பு வந்துவிட்டாலும் அந்த நிரலின் கையில் இருப்பது பழையதுதான். அலமாரியில் புதுப் பஞ்சாங்கம் வந்துவிட்டது. ஐயரோ போன ஆண்டுப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்து நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிரலை மூடித் திறந்தால்தான் புதியது கைக்கு வரும். எந்தெந்த நிரல் என்று தேடி அலைவதைவிடக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடலாம். மூடியைச் சாத்திவிட்டுப் போவது மறுதொடக்கம் ஆகாது. பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு மென்பொருளின் பதிப்பு எண் பழையதாகவே இருக்கிறது. ஓட்டை அடைபட்டதா?

பெரும்பாலும் அடைபட்டிருக்கும். டெபியனும் உபுண்டுவின் எல்.டி.எஸ். எனப்படும் நீண்ட ஆதரவுப் பதிப்புகளும் புதிய பதிப்பைக் கொண்டுவராமல், புதியதிலுள்ள திருத்தத்தை மட்டும் வெட்டிப் பழையதில் ஒட்டுகின்றன. முதன்மை எண் அப்படியே இருக்கும்; அதன் வாலில் உள்ள எண் மட்டும் ஏறும். அந்த வாலைப் பார்க்காமல் தலையை மட்டும் பார்த்து "உங்கள் கணினி ஆபத்தில்" என்று அலறும் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. தொகுப்பின் மாற்றக் குறிப்பில் அந்த ஓட்டைக்குரிய சி.வி.இ. எண் (அறியப்பட்ட ஓட்டைகளுக்கு உலகெங்கும் பொதுவாக வழங்கும் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றிலும் மிகப் புதியதை வைத்துக்கொள்வது இன்னும் நல்லதில்லையா?

2024 மார்ச் 29ஐ மறக்காதவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு ஒன்றை வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாகக் கணினிக்குள் போக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப்போய்க் கண்டுபிடித்தார். அரை விநாடி! நாமெல்லாம் தேநீர் போடப் போயிருப்போம். சோதனைப் பதிப்புகளையும் மிகப் புதியவற்றையும் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேர்ந்திருந்தது. டெபியன் ஸ்டேபிள், உபுண்டுவின் வெளியான பதிப்புகள், மின்ட் ஆகியவற்றுக்கு வரவில்லை. ஓட்டையை உடனே அடைக்க வேண்டும், புதுமையைக் கொஞ்சம் ஊறவிட வேண்டும்.

சில புதுப்பிப்புகள் "ஒத்திவைக்கப்பட்டன" என்று வருகிறதே, ஏதும் பிழையா?

பிழை இல்லை. உபுண்டு சில புதுப்பிப்புகளை முதலில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்து, முறையீடு வருகிறதா என்று பார்த்துப் பிறகு மற்றவர்களுக்கு விரிக்கிறது. ஓரிரு நாளில் உங்கள் முறை வரும். பாதுகாப்பு ஒட்டுகளுக்கு இந்த வரிசை கிடையாது.

புதுப்பித்த பிறகு திரையே வரவில்லை. எல்லாம் போயிற்றா?

போகவில்லை. பழைய கர்னல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கணினி கண்விழிக்கும்போது எஸ்கேப் பொத்தானை, பழைய பயோஸ் கணினியென்றால் ஷிஃப்டை, அழுத்தினால், எதில் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். கூடுதல் தேர்வுகளுக்குள் போய் இரண்டாவதாக உள்ள கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்தால் குற்றவாளி புதிய கர்னல், அல்லது அதோடு ஒட்டாமல் நின்ற என்விடியா டிரைவர். டிரைவர் மேலாளரில் மீண்டும் நிறுவிப் பாருங்கள். அல்லது அடுத்த கர்னல் வரும்வரை பழையதிலேயே ஓட்டுங்கள்.

இதனால்தான் பழைய கர்னல்களை எல்லாம் அழித்து இடம் சேர்க்க வேண்டாம் என்கிறேன். வட்டில் கர்னல்கள் இருக்கும் 'பூட்' பகுதி நிறைந்துவிட்டதாகச் செய்தி வந்தால் "சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்" கொடுங்கள். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று அதற்குத் தெரியும்.

டைம்ஷிஃப்ட் வைத்திருக்கிறேன். பேக்கப் தனியாக வேண்டுமா?

வேண்டும், வேண்டும். மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட், இயங்குதளத்தை நேற்றைய நிலைக்குத் திருப்பும். வீட்டுக் கோப்புறையை அது வழக்கமாகத் தொடாது. பெரியம்மாவின் கல்யாணப் புகைப்படங்கள் அதில் இருக்காது. பெரிய புதுப்பிப்புக்கு முன்னால் டைம்ஷிஃப்ட்டில் ஒரு பிரதி எடுங்கள். புகைப்படங்களையும் ஆவணங்களையும் தனி வட்டில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள். கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதிய எல்.டி.எஸ். வந்துவிட்டது. எப்போது மாறலாம்?

நாள் பார்த்துச் சொல்கிறேன். எல்.டி.எஸ். எனப்படும் நீண்ட ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது; நமக்குச் சித்திரை பிறக்கும் காலம். ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. 22.04க்கு 2027வரை, 24.04க்கு 2029வரை. சித்திரையில் பிறந்த குழந்தையை அன்றே தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகாதீர்கள். கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றும் காலத்தை ஒட்டி 'புள்ளி ஒன்று' பதிப்பு வரும். முதல் மாதங்களில் அகப்பட்ட பிழைகளைத் திருத்தியது அது. 2022இல் ஆகஸ்ட் 11 அன்று வந்தது. 2024இல் ஆகஸ்ட் 29வரை இழுத்தது. பழைய எல்.டி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு உபுண்டுவே இதன் பிறகுதான் மாறும்படி அழைப்பு விடுக்கிறது. 2024இல் அழைப்பை விடுத்துவிட்டு, மாற்றும் கருவியிலேயே கோளாறு தெரிந்ததால் சில நாட்களில் அதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அவர்களே தயங்கும்போது நமக்கென்ன அவசரம்? நான் புரட்டாசி விரதம் முடிந்து, தீபாவளிப் பலகார வேலையும் ஓய்ந்த பிறகு, டிசம்பர் விடுமுறையில் பள்ளிக் கணினிகளை மாற்றுகிறேன். ஏதும் கெட்டால் சரிசெய்ய ஒரு மாதம் கையில் இருக்கும்.

அக்டோபரில் வருபவை இடைப்பதிப்புகள். ஒன்பது மாதமே ஆதரவு. புரட்டாசியில் பிறந்து அடுத்த ஆனியில் முடிந்துவிடும். ஆசையாக இருந்தால் உங்கள் சொந்தக் கணினியில் போடுங்கள், அம்மாவின் கணினியில் வேண்டாம். ஃபெடோராவுக்கு ஒரு பதிப்பின் ஆயுள் ஏறக்குறைய 13 மாதம். மின்ட் உபுண்டுவின் எல்.டி.எஸ். மீதே கட்டப்படுவதால் அதன் கணக்கும் ஐந்து ஆண்டுதான்.

ஆதரவு முடிந்த பதிப்பில் தொடர்ந்து இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கணினி ஓடும். ஒட்டு வராது. அவரிடம் இருந்தது 20.04, வழக்கமான ஆதரவு 2025 மேயில் முடிந்தது.

உபுண்டு புரோ என்று ஏதோ கேட்கிறதே, பணம் கட்ட வேண்டுமா?

சொந்தப் பயனுக்கு ஐந்து கணினிவரை இலவசம். சேர்ந்தால் ஆதரவு பத்து ஆண்டாகிறது. அதோடு 'யூனிவர்ஸ்' என்ற பெரிய தொகுப்புக் களஞ்சியத்துக்கும் நிறுவனமே ஒட்டுப் போடுகிறது. மற்றபடி அங்கே வேலை செய்பவர்கள் தன்னார்வலர்கள். டெர்மினலில் விளம்பரம்போல் அந்தச் செய்தி வருவது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் மேலே சொன்ன 20.04காரருக்கு நான் செய்துகொடுத்தது இதைத்தான்.

ஸ்னாப்பும் ஃபிளாட்பேக்கும் ஆப்ட்டோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுமா?

சேராது. இவை ஆப்ட் அல்லாமல் மென்பொருள் நிறுவும் வேறு இரண்டு வழிகள். ஸ்னாப் தானாகவே நாளுக்கு நான்கு முறை பார்க்கும், 22.04 முதல் உபுண்டுவின் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. ஃபிளாட்பேக்குக்கு "ஃபிளாட்பேக் அப்டேட்" என்று தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது மென்பொருள் மையம் பார்த்துக்கொள்ளும். மின்ட் 20 முதல் ஸ்னாப்பை வழக்கமாக அணைத்தே வைத்திருக்கிறது. பிபிஏ என்று வெளியார் களஞ்சியங்களைச் சேர்த்திருந்தால் அவற்றின் நலம் அவற்றை நடத்துபவர் கையில். பதிப்பு மாற்றத்தில் முதலில் இடறுவது அவையே. பயன்படாதவற்றை நீக்கிவிடுங்கள்.

ஃபர்ம்வேரையும் புதுப்பிக்கச் சொல்கிறது. கணினி செங்கல் ஆகிவிடாதா?

மின்இணைப்பில் வைத்துச் செய்தால் பயமில்லை. பேட்டரியில் மட்டும் செய்யாதீர்கள். லோட்ஷெடிங் அட்டவணையைப் பாருங்கள், என்னைப்போல் இருக்காதீர்கள். 'எஃப்டபிள்யூ-அப்டி' என்ற கருவி டெல், லெனோவோ, எச்பி முதலிய தயாரிப்பாளர்களின் பயோஸ் புதுப்பிப்புகளைக் கொண்டுவருகிறது. இப்போது இதற்குக் கூடுதல் தேவை வந்திருக்கிறது: கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் 'செக்யூர் பூட்' ஏற்பாட்டுக்கான மைக்ரோசாஃப்ட்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. லினக்ஸ் கணினிகள் பலவும் அந்தச் சங்கிலியைப் பிடித்தே எழுகின்றன. புதிய சான்றிதழ்களும் இதே வழியாகத்தான் வருகின்றன.

பதிப்பு மாற்றிய பிறகு தமிழ் விசைப்பலகை காணவில்லை!

பள்ளியில் இதுதான் மிகப் பெரிய கூக்குரல். கர்னல் போனாலும் யாரும் கவலைப்படுவதில்லை, தமிழ்99 போனால் ஆசிரியைகள் வரிசையாக வந்துவிடுகிறார்கள். 'ஐபஸ் எம்17என்' தொகுப்பை மீண்டும் நிறுவி, வெளியேறி உள்நுழைந்து, விசைப்பலகை அமைப்பில் தமிழை மறுபடி சேருங்கள். எழுத்து கட்டங்களாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துருத் தொகுப்பு விடுபட்டிருக்கிறது, அதையும் நிறுவுங்கள். ஐந்து நிமிட வேலை.

கோயில் அலுவலகக் கணினிக்கு இணையமே கிடையாது. அதற்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டும், நிதானமாக. அதற்குள் பென்டிரைவ் செருகும் ஒவ்வொரு கையும் ஓர் இணைய இணைப்புதான். 'ஆப்ட் ஆஃப்லைன்' என்ற கருவி, அந்தக் கணினிக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அதை இணையமுள்ள இடத்துக்கு எடுத்துப்போய்த் தொகுப்புகளை இறக்கி, திரும்பக் கொண்டுவந்து நிறுவலாம். பௌர்ணமிப் பூசைக்கு வரும்போது நானே செய்து தருகிறேன். அதற்கென்று வைத்திருக்கும் சிவப்புப் பென்டிரைவை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம். போன முறை அது முழுக்கப் பஜனைப் பாட்டுகளாக இருந்தது, கர்னலுக்கு இடமில்லை.